கணக்கில் 51: உறையூருக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தெருக்காரர்களுக்கும், நூலகத்து மேடத்துக்கும், தலைமையாசிரியர் ஐயாவுக்கும் வணக்கம்.

பெரியவன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். பள்ளிக்குப் போகாதவர்களும் எழுதக்கூடிய தேசிய திறந்தநிலைப் பள்ளித் தேர்வில் தமிழ், ஆங்கிலம், அறிவியல், மனையியல் நான்கும் முதல் தடவையே தேறிவிட்டன. கணக்கு மட்டும் 27-ல் நின்றது. தேற 33 வேண்டும். மறுபடி எழுதி, இப்போது 51 வந்திருக்கிறது. ஐம்பத்தொன்றுக்கா இவ்வளவு பெரிய கடிதம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த 51-ல் என் பங்கு எவ்வளவு என்று உட்கார்ந்து யோசித்தேன். பத்து தேறினால் அதிகம். மீதி உங்களுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

"வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தாயாமே" என்று கல்யாண வீடுகளில் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவன் வீட்டில் எங்கே படித்தான்?

2021 நவம்பர் 1-ம் தேதி பள்ளிகள் திறந்தபோது அவனுக்குப் பத்து வயது. அதற்கு முன் ஒன்றரை வருடம் கைபேசித் திரையில்தான் வகுப்பு. திறந்த மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு வயிற்று வலி. டாக்டர் பார்த்தார், ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. நடிக்கிறான் என்று நானே இரண்டு தடவை அடித்திருக்கிறேன். அது நடிப்பு இல்லை என்று புரிய மூன்று மாதம் ஆனது. பள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சின்னவள் பள்ளிக்குத்தான் போகிறாள், லீவு விட்டால் அழுகிறாள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் இரண்டு விதம், அவ்வளவுதான்.

அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குள் இன்னொரு பள்ளிக்கூடம் திறந்தேன். பீரோ கதவில் கால அட்டவணை. ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்குக் கணக்கு. பீரியட் மாற பூஜை மணியை எடுத்து அடித்தேன். மூன்றாம் நாள் அத்தை மணியைப் பிடுங்கிக்கொண்டு, "சாமிக்கு அடிக்கிற மணியை அடிச்சு பிள்ளையைப் பயமுறுத்துறியே, உருப்படுமா?" என்றார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு முதல் நன்றி அத்தைக்குத்தான்.

அத்தைக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஆறு மாதம் பக்கத்து வீட்டில் கேட்டால், "லீவு போட்டிருக்கான்" என்று சமாளித்தார்கள். எந்த ஸ்கூல் என்று உறவுக்காரர்கள் கேட்டால், "தில்லைநகர் பக்கம்" என்று பொதுவாக ஒரு கையை நீட்டிவிடுவார்கள். ஆனால் மாவு அரைக்கிற வேலையை அவன் தலையில் கட்டியது அவர்கள்தான். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மார்கழியில் ஏன் மாவு பொங்க மாட்டேன் என்கிறது, மாவுப் பாத்திரத்தை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்தால் ஏன் பொங்குகிறது, கையால் கரைத்தால் ஏன் நன்றாக வருகிறது என்று இரண்டு பேரும் ஒரு குளிர்காலம் முழுக்க ஆராய்ச்சி செய்தார்கள். மனையியல் செய்முறைத் தேர்வுக்குப் போனபோது அவனுக்குக் கை நடுங்கவில்லை. ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மனையியல் என்று கேட்டதும் இதே அத்தைதான்.

அடுத்து, முக்குத் தையல் கடை அண்ணன். பின்னம் என்றால் அவன் நோட்டை மூடிவிடுவான். பிட்சாவை வெட்டு, ஆப்பிளை வெட்டு என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் நானும் வெட்டிப் பார்த்துவிட்டேன். தின்றதுதான் மிச்சம். ஒரு நாள் அவன் அப்பா சட்டைத் துணியோடு அவனையும் கடைக்குக் கூட்டிப் போயிருந்தேன். மார்பளவு 34. "தம்பி, அதை நாலாப் பிரி" என்றார் அண்ணன், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எட்டு புள்ளி அஞ்சு" என்றான் இவன். "டேப்ல காட்டு."

டேப்பை விரித்து, எட்டுக்கு அப்புறம் ஐந்தாவது கோட்டில் நகத்தை வைத்தான். அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அது எட்டரை இல்ல தம்பி. எட்டரைக்கு மேல ஒரு நூல். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். ரெண்டு நூல் கால், நாலு நூல் அரை, ஆறு நூல் முக்கால். நீ பத்தா நெனைச்சு எண்ணிட்ட." பையன் டேப்பை மூக்குக்கு அருகே கொண்டுபோய் ஒவ்வொரு கோடாக எண்ணினான். உண்மையிலேயே எட்டுதான். எட்டில் ஐந்திலிருந்து எட்டில் நாலைக் கழித்தால் ஒரு நூல் மிச்சம். இரண்டு வருடமாக நான் கரடியாகக் கத்தியது இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அப்புறம் லூஸுக்கு ஒன்றரை சேர்த்துப் பத்து இஞ்சில் சாக்கட்டியால் கோடு போட்டதும் அவன்தான். அந்தச் சட்டையை என் வீட்டுக்காரர் இன்னும் போடுகிறார்.

அதற்கப்புறம் தினமும் மாலை கடையில்தான். தீபாவளி நெரிசலில்கூட ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை நீங்கள். ஒரு கஸ்டமர் துணியில் அரை இஞ்ச் குறைத்து வெட்டிவிட்டான் என்று தெரிந்தபோது, நீங்களே கைக்காசில் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தீர்கள். எனக்கு அது நாலு மாதம் கழித்துத்தான் தெரியும். பணத்தை நீட்டினால் வாங்க மாட்டேன் என்றீர்கள். சரி, இந்தக் கடிதத்தையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளை நூலகத்து மேடம். பள்ளி நேரத்தில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தால் யாரும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். நீங்களும் முதல் நாள் பார்த்தீர்கள். விஷயத்தைச் சொன்னதும், உறுப்பினர் அட்டையை எடுத்துக்கொண்டே, "சொத்து வரி கட்டுறீங்கல்ல? ரசீதைப் பாருங்க, அதுலயே நூலக வரியும் இருக்கு. உங்க காசுல வாங்கின புத்தகம்தான், சும்மா எடுங்க" என்றீர்கள். வீட்டுக்கு வந்து ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தேன், இருந்தது. 1948-ல் வந்த சட்டமாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டாராம். இதெல்லாம் நீங்கள் அவனிடம் சொல்லி, அவன் எனக்குச் சொன்னது. வாரம் முழுக்க அங்கேயே கிடப்பான். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, எங்களுக்கு அன்றைக்குத்தான் வீட்டில் சண்டை.

தலைமையாசிரியர் ஐயா ஓய்வுபெற்று வீட்டில் நிம்மதியாக இருந்தவர். திறந்தநிலைப் பள்ளி விவரக்குறிப்பை நாங்கள் புரட்டிக் குழம்பிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துச் சொன்னார். பதினான்கு வயது ஆகியிருக்க வேண்டும், ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது வேண்டும், ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. அந்த ஒன்பதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இரவில் தூக்கம் வந்தது. கணக்கு போனபோது வீட்டில் யாரும் அழாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

அவனைத் தன் டிவிஎஸ் 50-ல் ஏற்றி முக்கொம்புக்குக் கூட்டிப் போனதும் ஐயாதான். ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-ல் கட்டிய கொள்ளிடம் கதவணையில் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போன இடத்தைக் காட்டியிருக்கிறார். மணல், தண்ணீர் அழுத்தம், வெள்ளைக்காரன் வரலாறு எல்லாம் அந்த ஒரு நாள் பயணத்தில் ஆரம்பித்து ஒரு மாதம் ஓடியது. ஆனால் நான் நினைத்துப் பார்த்திராத உதவி வேறு. பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதத் தெரியாது. "விடை தெரியும், விரல் தாங்காது" என்று சொல்லி, தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் தன் வீட்டுத் திண்ணையில் கடிகாரம் வைத்து எழுத வைத்தார். விரலில் காய்ப்பு வந்தது. ஐயா வீட்டு அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

சிட்டைக் கணக்கைக் கூட்டிப் பார்க்கச் சொல்லி, முப்பது ரூபாய் பிசகைக் கண்டுபிடித்தபோது கடலைமிட்டாய் கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சி, ஒரு கேள்வியும் கேட்காமல் பரீட்சைக் கட்டணம் கட்டிய என் வீட்டுக்காரர், அண்ணனைப் பற்றித் தோழிகளிடம் பெருமை அடித்துக்கொள்ளும் சின்னவள், எல்லோருக்கும் நன்றி. ஓர் அலுவலகக் கவுண்டரில், "ஸ்கூலுக்கே போகாத பையனா?" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னவரையும் மறக்கவில்லை. அவருக்கு நன்றி கிடையாது.

என் கதையைக் கேட்டு நாலைந்து அம்மாக்கள், நாங்களும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நிறுத்துங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆறிலிருந்து பதினான்கு வயதுவரை கல்வி கொடுக்கச் சொல்லும் 2009-ம் வருடச் சட்டத்தில் வீட்டில் படிப்பதைப் பற்றித் தனியாக ஒரு வரி இல்லை. அந்தத் தயக்கத்தோடுதான் நாங்களும் இறங்கினோம். இரண்டு விஷயம் மட்டும் சொல்லலாம். காலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் புத்தகத்தை நீட்டாதீர்கள், மீதி நேரம் வேலை செய்யும் பெரியவர்கள் பக்கத்தில் விடுங்கள். அப்புறம், நீங்கள் தினமும் ஒரு மணி நேரமாவது தனியாக இருங்கள். முதல் வருடம் நான் அப்படி இருக்கவில்லை, அதனால் கத்தினேன்.

உங்கள் எல்லோருக்கும் பையன் தன் கையால் துணிப்பை தைத்திருக்கிறான், மொத்தம் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், சுண்டலும் காபியும் உண்டு. நீலப் பையில் ஒரு காது இன்னொன்றைவிட இரண்டு நூல் குட்டை. அதைத் தையல் கடை அண்ணனுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறான்.

அன்புடன்,
பெரியவனின் அம்மா
உறையூர், திருச்சி