ஷாம்பு பாக்கெட்டும் கூத்து ஜமாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தெருக்கூத்துக் கலைஞர்களின் வறுமை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உதவித்தொகையைக் கூட்ட வேண்டும், அரசு விழாக்களில் வாய்ப்புத் தர வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். இரண்டும் நடக்கட்டும். ஆனால் பங்குனியில் தொடங்கி ஆடியோடு ஓய்கிற சீசனில் ஒரு ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, பணம் எப்படி வருகிறது, எங்கே ஒழுகிப் போகிறது என்ற பேச்சே அதில் இல்லை. நான் வந்தவாசியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் விழாக் குழுவிலும் இருக்கிறேன். அச்சாரம் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குச் சிலது கண்ணில் படும்.

கூத்துக்கு ஆள் சேர்ப்பதை வியாபாரிகளிடமும் கற்கலாம். கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் 1983-இல் குடும்பத் தொழிலை விட்டு 15,000 ரூபாயோடு வெளியே வந்து சிக் ஷாம்பு தொடங்கினார். பாக்கெட்டில் ஷாம்பு அடைப்பது அவர் கண்டுபிடித்தது இல்லை. அது அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன் காலத்து யோசனை. அவர்கள் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு பாக்கெட் முன்பே கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. இவர் ஆட்களை ஊர் ஊராக அனுப்பி, கூட்டத்தின் நடுவே ஒரு பையனை உட்காரவைத்துத் தலையில் நுரை பொங்கத் தேய்த்துக் காட்டச் சொன்னார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். சில மாதம் போனதும், சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். அதுவரை ‘ஒரு ஷாம்பு குடுங்க’ என்றவர்கள் பேர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்போது எங்கள் விழாக் குழுவுக்கு வாருங்கள். பெரியவர்களுக்கு எந்த ஜமாவில் துரியோதனன் வேஷம் நன்றாக இருக்கும், எந்த முகவீணைக்காரர் விடியும்வரை தளராமல் ஊதுவார் என்று தெரியும். கணக்கு வழக்குப் பார்க்கிற இளவட்டங்களுக்கு எல்லாக் கூத்தும் ஒன்றுதான். எவன் குறைத்துக் கேட்கிறானோ அவனுக்கு வெற்றிலைப் பாக்கு. ஓர் இரவாவது ஆடல் பாடல் வைக்கலாமே என்ற பேச்சும் கூடவே வருகிறது. இவர்களைப் பத்து மணியிலிருந்து விடியற்காலைவரை உட்காரவைக்க முடியாது. முதலில் ஒரு மணி நேரம் காட்ட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன காட்டுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். அரசு விழா என்றால் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சுற்றி ஆடிவிட்டு இறங்குவது வழக்கமாகிவிட்டது. பார்த்தவனுக்கு நிறம் ஞாபகம் இருக்கும், கூத்து ஞாபகம் இருக்காது. பாக்கெட்டுக்குள் ரங்கநாதன் தண்ணீரையா அடைத்தார்? கர்ண மோட்சக் கூத்தில் போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கிற தர்க்கம் இருக்கிறதே, அதை மட்டும் முழு வேஷத்தோடு, முழுப் பாட்டோடு ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடிக் காட்டட்டும். பிறகு யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

ஆர்.ஜி.சந்திரமோகன் 1970-இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாயில் ஐஸ்கிரீம் தொடங்கி, தள்ளுவண்டியில் விற்றார். நகரத்துப் பெரிய கம்பெனிகளோடு மோத முடியாதபோது கல்லூரி விடுதிகளுக்கும் துறைமுகக் கப்பல்களுக்கும் போனார். பிறகு அவர்கள் எட்டிப் பார்க்காத சிறு ஊர்களுக்குப் போனார். அருண் ஐஸ்கிரீம் அப்படித்தான் வளர்ந்தது. கூத்துக்கும் சீசனுக்கு வெளியே இடம் இருக்கிறது. எங்கள் பக்கம் கருமாதிக்குக் கர்ண மோட்சம் வைப்பது பழைய வழக்கம், சாவுக்கு ஏது சீசன். காஞ்சிபுரம் பக்கம் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தது. கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் வழியினர் நவீன நாடகக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். கோயில் வாசலை விட்டுவிடாமலே இதெல்லாம் நடந்தது.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது கணக்கு. சீசன் தொடங்கும் முன்பே ஜமாவை நடத்துகிற வாத்தியார், வேஷக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வேறு ஜமாவுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்குகிறார். மழையால் இரண்டு இரவு நின்றால் வட்டி நிற்குமா? ராத்திரி முழுக்க யூடியூப்காரர் கேமராவை நிறுத்திப் படம் பிடித்துப் போகிறார். ஜமாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பெரிது. இதற்கு ஒரு தொகை கேட்கலாம் என்றே பல வாத்தியார்களுக்குத் தோன்றுவதில்லை. பாடுவது, ஆடுவது, அரிதாரம் பூசுவது, பேரம் பேசுவது, பங்கு பிரிப்பது எல்லாம் அவர் ஒருவரே. துரியோதனனாக முகம் எழுதிக்கொண்டிருக்கிறவரிடம் போய் ‘ஐந்நூறு குறைச்சுக்குங்க வாத்தியாரே’ என்று கேட்கிற குழுக்கள் உண்டு. அந்த நேரத்தில் அவர் சரி என்றுதான் சொல்வார்.

கலைஞனுக்கு வியாபாரம் வராது என்று சொல்லிவிடாதீர்கள். 1925-இல் நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்த நாடக சபா தொடங்கியபோது சண்முகம் இன்னும் சிறுவன். மூத்தவர் சங்கரன் நிர்வாகத்தைப் பார்த்தார். சண்முகமும் பகவதியும் மேடையைப் பார்த்துக்கொண்டார்கள். ஜமாவிலும் வேஷம் கட்டாத ஓர் ஆள், வாத்தியாரின் மகளோ மருமகனோ, நோட்டும் போனுமாக உட்கார்ந்தால் போதும்.

இந்தப் பாடம் ஓரளவுக்குத்தான் செல்லும் என்பதும் தெரியும். ஜெயித்த இரண்டு பேர் கதையைத்தான் நாம் சொல்கிறோம். என் கடையிலேயே வந்து தொங்கி, தூசி படிந்து, பேர் தெரியாமல் போன ஷாம்புகள் எத்தனையோ. ரங்கநாதன் இன்னொரு மெஷின் வாங்கலாம். ஐம்பது வயதில் தொண்டை கட்டிக்கொண்ட வாத்தியார் எதை வாங்குவார்? அதனால் 2007-இல் வந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வேண்டாம் என்று யாரும் இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிவிடக் கூடாது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. எங்கள் பக்கம் விழாக் குழுக்கள் மாசியிலேயே அச்சாரப் பேச்சைத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால், சம்மதிக்கிற ஜமாக்களின் பெயர், எந்த நாடகங்களில் பேர் போனவர்கள், ஓர் இரவுக்கு என்ன கேட்கிறார்கள் என்று மாவட்டவாரியாக ஒரு பக்கம் வெளியிடுங்கள். பாதிப் பணம் முன்கூட்டியே, மழைக்கு நின்றால் இவ்வளவு, வீடியோவுக்குத் தனி என்பதையும் அதிலேயே அச்சடியுங்கள். வாத்தியார்கள் வாயால் கேட்கக் கூச்சப்படுகிற மூன்று விஷயங்கள் இவை.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்கார வாசகர் ஒருவர்,
வந்தவாசி