யானைக்கு மேல ஆள் இரிக்கிற படம் எங்களுக்கு வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் மட்டக்களப்புல படுவான்கரைப் பக்கம் ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறன். போன மாசம் வெளிநாட்டுல இரிக்கிற ஊர் ஆக்கள் ஒரு பெட்டி படப் புத்தகம் அனுப்பியிருந்தாங்க, நல்ல தடிச்ச தாள், பிள்ளையள் சண்டை பிடிச்சுத்தான் எடுத்ததுகள். நன்றி மறக்கல்ல. ஆனா ‘யா’வுக்கு யானை எண்டு திறந்தா நெத்திப்பட்டம், கால்ல சங்கிலி, முதுகுல ஒராள். நாலு வயசுப் பொடியன் ஒருத்தன் கன நேரம் பாத்துட்டு, “டீச்சர் இது பிழை, யானை வந்தா ஆள் மரத்துக்கு மேலதான் இரிக்கும், யானைக்கு மேல இரிக்காது” எண்டான். அவன்ட அப்பா வேளாண்மைக் காலம் முழுக்கப் பரண்லதான் படுக்கிறவர், யானை விரட்டுற வெடி தலைமாட்டுல.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு புத்தகமாப் பிரிச்சுப் பாத்தன். கிளி கூட்டுக்குள்ள, குரங்கு கயித்துல, கரடி சைக்கிள் ஓடுது (குமண காட்டுல கரடிக்கு முன்னுக்கு அம்பிட்டவங்களக் கேளுங்க சைக்கிள் ஓடுமா எண்டு). எல்லாமே மனிசனுக்குச் சிரிச்சிக்கிட்டு நிக்குதுகள். இதப் பாத்து வளருற பிள்ளைக்குக் காட்டு மிருகமெண்டா நம்மட கைக்குள்ள வாற சாமான். எங்கட வகுப்புப் பிள்ளை ஒண்டுட அண்ணன் மொட்டைத் தென்னைப் பொந்துக்குள்ள கைய விட்டு ரெண்டு கிளிக்குஞ்ச எடுத்து பிஸ்கட் டின்னுல வச்சிரிந்தான், விடியக்குள்ள ஒண்டு செத்துக் கிடந்திச்சு, தாய்க்கிளி ரெண்டு நாளா அந்தத் தென்னையச் சுத்திக் கத்தினது எங்கட பள்ளி வரைக்கும் கேட்டது. புத்தகத்துலதான் படிச்சான் எண்டு சொல்லல்ல, ஆனா அது பிழை எண்டு எந்தப் புத்தகமும் அவனுக்குச் சொல்லவும் இல்ல.

யானையப் பத்தி எழுத எவ்வளவு இரிக்கு. நம்மட நாட்டு ஆண் யானையில பத்துல ஒண்டுக்குக் கூடக் கொம்பு இல்ல, மத்ததெல்லாம் கொம்பில்லாத அலியன், புத்தகத்துல மட்டும் எல்லாம் கொம்பன். கூட்டத்த நடத்துறது வயசான பெண் யானை. கல்லோயாக் காட்டுல சேனநாயக்க சமுத்திரத்த நீந்தித் தீவுக்குத் தீவு போகுதுகள், நம்மட அம்பாறை மாவட்டத்துலதான், அத ஒரு படமாக் கீறினா பிள்ளை வாய் மூடாமப் பாக்கும். அதே அம்பாறையில பள்ளக்காட்டுக் குப்பையத் திண்டு எட்டு வருசத்துல கிட்டத்தட்ட 20 யானை செத்ததா 2022ல செய்தி வந்தது. அதச் சின்னப் பிள்ளைக்கு எப்பிடிக் கீறுறதெண்டு எனக்கும் தெரியல்ல.

யானைக்குப் புருசனக் குடுத்த பொம்பிளையள் எங்கட ஊர்ல இரிக்காங்க, அவங்களுக்கு முன்னால நிண்டு யானை பாவம் எண்டு நான் பேசமாட்டன். 2023ல மட்டும் நாட்டுல 470க்கு மேல யானை செத்திரிக்கு, அந்த வருசம் மனிசரும் நூத்துக்கு மேல செத்தவங்க. அதனால யானையப் பாசமா எழுதுங்க எண்டு கேக்கல்ல, தூரத்துல வச்சு எழுதுங்க எண்டுதான் கேக்கிறன்.

உகந்தை முருகன் கோயில்ல இருந்து கதிர்காமத்துக்குக் காட்டு வழியால நடந்து போன ஆக்களுக்கு இது விளங்கும். நான் அப்பிடி நடந்த வருசம் பாதைக்குக் குறுக்கால ஒரு யானை நிண்டது, முன்னுக்குப் போன பெரியவங்க கைய மட்டும் காட்டினாங்க, அரோகராவும் நிண்டு போச்சு. கல்லெறியவும் இல்ல பழம் நீட்டவும் இல்ல. அரை மணித்தியாலம் நிண்டம், அது திண்டு முடிச்சிட்டுப் போச்சு, பிறகு நாங்க போனம். புத்தள கதிர்காமம் ரோட்டுல வாகனக்காரர் பழம் குடுத்துக் குடுத்து இப்ப யானை பஸ்ஸ மறிச்சுக் கேக்குது, அதுக்கும் ஆக்கள் கைதட்டி வீடியோ எடுக்காங்க.

உங்கட பத்திரிகையில சிறுவர் பக்கம் வருது. கீறத் தெரிஞ்ச வாசகர் யாரும் இரிந்தா எங்கட காடு, எங்கட குளம், எங்கட மிருகத்த வச்சு ஒரு 16 பக்கம் செய்து தரட்டும், மனிசன் தூரத்துல சின்னதா நிண்டாப் போதும். நான் ஹாஃப் ஷீட் பின்பக்கத்துல ஒண்டு கீறிப் பாத்தன், கடைசிப் பக்கத்துல யானை திரும்பிக் காட்டுக்குள்ள போகுது, பின்பக்கம் மட்டும்தான் தெரியும். எனக்கு வால் கீற வரல்ல, பிள்ளையள் பாம்பு எண்டுதுகள்.

முன்பள்ளி டீச்சர் ஒராள்,
படுவான்கரை, மட்டக்களப்பு.