மோட்டாருக்கு ரிமோட் வைக்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள சுப்புவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நடவு நடக்கிறது. ஆள்தான் கிடைப்பதில்லை.

தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு நிறுத்த வழி கேட்டிருந்தாய். கட்டாயம் செய். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் வரப்பில் தடுமாறிப் போய், ஈரக் காலோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுகிற வேலை இந்த வயதில் நமக்கு வேண்டாம். பாம்புக்கும் மின்கசிவுக்கும் பயந்தே எத்தனை இரவுகளைக் கழித்திருக்கிறோம்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, கார் சாவி போலக் கையடக்கமான ரேடியோ ரிமோட். விலை குறைவு, சிம் கார்டு வேண்டாம். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக்கானது. நடுவில் தென்னந்தோப்போ கரும்போ இருந்தால் பாதி கூட எட்டாது. அதைவிடப் பெரிய குறை, சாதாரண ரிமோட் பதில் சொல்லாது. பொத்தானை அழுத்திவிட்டு மோட்டார் ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொன்று சிம் கார்டு போடும் கருவி. அழைத்தால் மோட்டார் ஓடும், ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று திருப்பித் தகவலும் தரும். உன் தோட்டம் ஊரிலிருந்து தள்ளி இருப்பதால் இதுதான் சரி. பழைய கருவிகள் பல 2ஜியில் மட்டுமே வேலை செய்பவை. ஜியோவில் 2ஜி கிடையாது. எனவே உன் கிணற்றடியில் எந்த நிறுவனத்தின் சிக்னல் வருகிறது என்று பார்த்துவிட்டு, முடிந்தால் 4ஜி கருவியாகவே வாங்கு. ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் சுருட்டி வைக்க விடாதே, மோட்டார் அறையின் கூரைக்கு மேல் எடுத்துவிடச் சொல்.

இணைப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உன் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே காயில் என்ற கம்பிச் சுருளுக்கு மின்சாரம் போய், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டர் இழுத்துக்கொள்ளும். சிவப்புப் பொத்தான் அந்தக் காயில் இணைப்பை அறுக்கும். கருவியில் இருந்து வரும் ஸ்டார்ட் கம்பிகள் இரண்டையும் பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாகவும், ஸ்டாப் கம்பிகளைச் சிவப்புப் பொத்தானோடு தொடர் இணைப்பாகவும் கொடுக்க வேண்டும். ஸ்டாப் ரிலே, அதாவது கருவிக்குள் இருக்கும் சின்ன மின்சார சுவிட்ச், வழக்கமாக இணைந்தே இருந்து நிறுத்தும்போது மட்டும் பிரியும் வகையாக இருக்கட்டும். அப்போதுதான் கருவி செத்துப் போனாலும் கையால் போட்டு நிறுத்தலாம். உங்கள் பக்கத்து எலக்ட்ரீசியனிடம் இதை மட்டும் வற்புறுத்திச் சொல். இன்னொன்று, காயில் எத்தனை வோல்ட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். நம் பம்புசெட் ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் 415 வோல்ட். மலிவான ரிமோட் போர்டுகளில் இருக்கும் சின்ன ரிலேக்கள் 250 வோல்ட்டுக்கானவை. அவற்றை நேரே மாட்டினால் உள்ளே தொட்டு விலகும் முனைகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மோட்டார் நிற்காது.

தூரத்தில் இருந்து மோட்டாரைப் போடுவது பெரிய காரியமே இல்லை, சுப்பு. தூரத்தில் இருந்து நிறுத்துவதற்கும், தானாக நிற்பதற்கும்தான் நீ காசு செலவழிக்க வேண்டும். மூன்று முனையில் ஒன்று போய்விட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே சூடேறி, அதன் உள்ளே இருக்கும் வைண்டிங் கம்பிச் சுருள் கருகிவிடும். போர் என்ற ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால், நீர்மூழ்கி பம்பின் பேரிங்குகளுக்குத் தண்ணீரே எண்ணெய் என்பதால் அவை சீக்கிரம் தேய்ந்து போகும். தண்ணீர் இல்லாதபோது மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். ஒரு முனைக் கம்பியில் வளையம் போல மாட்டும் சென்சார் அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். ஒரு முனை போனாலும், தண்ணீர் இல்லாவிட்டாலும் மோட்டாரை நிறுத்தும் இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லாத கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. விவசாயத்துக்கு மின்கட்டணம் இல்லை என்பதால் ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம், ஆனால் போகிற தண்ணீர் நம் போர்த் தண்ணீர். போட்ட கையோடு நிறுத்தும் நேரத்தையும் டைமரில் வைத்துவிடு.

மின்சாரம் வந்ததும் தானாக ஓடும் 'ஆட்டோ' முறையை எப்போதும் போட்டு வைக்காதே. ஊரில் எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் சரிந்துவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் சில நிமிடத் தாமதம் வைத்துக்கொள். பதிவு செய்த எண்களில் இருந்து மட்டும் அழைப்பை ஏற்கும்படி அமைத்து, கடையில் வரும்போது இருக்கும் ரகசிய எண்ணையும் மாற்றிவிடு.

யாராவது மோட்டாரிலோ ஸ்டார்ட்டரிலோ கை வைப்பதாக இருந்தால் மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். உன் மகன் சென்னையில் இருந்து அழைத்துப் போட்டால் அங்கே பைப்பைப் பிடித்திருப்பவன் யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்து ஆளிடம் பேசாமல் மோட்டாரைப் போடக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவை.

வேளாண்மைப் பொறியியல் துறையில் இதற்கு மானியம் தருகிறார்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 7,000 ரூபாய் என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. வாங்கும் முன்பே உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிடு.

ஸ்டார்ட்டர் காயிலில் எழுதியிருக்கும் வோல்ட்டையும், மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. எந்தக் கருவி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்றும் எழுது.

அன்புடன்,
உன் ராமு