வெள்ள இழப்பீட்டில் காணி விலையைச் சேர்த்துக் குறைத்தது பற்றிய முறைப்பாடு

இழப்பீட்டுப் பிரிவு முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா/அம்மணி,

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள எமது வீட்டின் வெள்ளச் சேதத்துக்கு 270,000 ரூபா தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை முழுத் தீர்வாக ஏற்றுக் கையொப்பமிட மாட்டோம்.

கதவு, நிலை, தரை, வயரிங் சேதம் 600,000 ரூபா என்று உங்கள் மதிப்பீட்டாளரே கணித்திருக்கிறார். காப்புறுதித் தொகை 40 இலட்சம், வீட்டின் பெறுமதி 80 இலட்சம் என்று சொல்லி, 'அவரேஜ்' நிபந்தனைப்படி (காப்புறுதித் தொகை பெறுமதியை விடக் குறைந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைப்பது) அதைப் பாதியாக்கி, மிச்சத்திலும் 10 வீத 'எக்ஸஸ்' (காப்புறுதிதாரரே ஏற்கும் பங்கு) கழித்திருக்கிறீர்கள். அந்த 80 இலட்சத்தில் 40 இலட்சம் காணி விலை. காப்புறுதிப் பத்திரத்தில் காப்புறுதி செய்யப்பட்டது கட்டடம் மட்டுமே. அதே கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவோடுதான் காப்புறுதித் தொகையை ஒப்பிட வேண்டும். அறிக்கையின்படி அந்தச் செலவும் 40 இலட்சமே. ஆகவே குறைப்புக்கு இடமில்லை. எக்ஸஸ் போக 540,000 ரூபா வரவேண்டும்.

சுவர்ப் பூச்சுக்கான 120,000 ரூபாவை 'நிலத்தடி ஊறல்' என்று முற்றாக நிராகரித்ததும் பிழை. ஊறல் என்றால் நிலத்து ஈரம் சுவரில் அடியிலிருந்து மெல்ல ஏறும். அதன் விளிம்பு மேடுபள்ளமாக இருக்கும், உப்புப் பூக்கும். இங்கே உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் ஒரே மட்டத்தில் நேர்கோடாக நீர்க்கறை இருக்கிறது. பிளக் பெட்டிகளுக்குள் சேறு படிந்திருக்கிறது. ஊறும் நீர் சேற்றைக் கொண்டுவராது. அளவுநாடா வைத்து எடுத்த படங்களை இணைத்துள்ளோம்.

மதிலும் கிணறும் பத்திரத்தின் அட்டவணையில் (எவை அடங்கும் என்ற பட்டியலில்) தனியாகக் குறிக்கப்படாததால் அவற்றுக்குக் கேட்கவில்லை. ஆனால் பத்திரம் விற்கும்போது உங்கள் முகவர் தந்தது ஒற்றைப் பக்க அட்டவணை மட்டுமே. 'வெள்ளம் அடங்கும்' என்ற வரி அதில் தமிழில் இருந்தது. ஊறல், மதில், கிணறு, அவரேஜ் பற்றிய விதிவிலக்குகள் இருந்த ஆங்கிலப் புத்தகம் இழப்பீட்டுக் கோரிக்கை போட்ட பிறகுதான் கைக்கு வந்தது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி நீர் வடியும்வரை வெள்ளம் தேங்கும் ஊரில், எது அடங்காது என்பதைக் கட்டுப்பணம் வாங்கும் முன்னரே சொல்ல வேண்டும். தெரிந்திருந்தால் மதிலுக்கும் கிணற்றுக்கும் கூடுதலாகக் கட்டிச் சேர்க்கச் சனம் தயங்காது.

மதிப்பீட்டாளரின் முழு அறிக்கையின் பிரதி, காணி விலை நீக்கிய கணக்கு, பூச்சை நிராகரித்த நிபந்தனையின் இலக்கம், முழு நிபந்தனைகளின் தமிழ் வடிவம் ஆகியவற்றை 14 நாட்களுக்குள் எழுத்தில் அனுப்புங்கள். தவறினால் இதே ஆவணங்களுடன் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடுவோம்.

இப்படிக்கு,
காப்புறுதிதாரர்,
மட்டக்களப்பு