தங்கவயலில் எங்களைக் கைப்பிடித்து நடத்தியவர்களுக்கு

கேஜிஎஃப் என்கிற நம்ம கோலார் தங்கவயலின் அன்பான மக்களுக்கு வணக்கம்.

போன மாதம், இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தபோது உதவிய ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் பாதிப் பேருடைய நம்பர் என்னிடம் இல்லை, சிலருடைய பெயர்கூடத் தெரியாது, அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல். பெயர்களைப் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி மாரிக்குப்பம் ஸ்டேஷன் ஆட்டோ அண்ணனுக்கு. அப்பாவுக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும், அத்தனை வருஷம் பாறைத்தூசியில் நின்ற நெஞ்சு அது. "மைன்ஸ்ல இருந்தவரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள், அதற்கப்புறம் சாயங்காலம் வரை வண்டியும் நீங்களும் எங்களோடுதான். வெயிட்டிங் சார்ஜ் பேச்சை எடுத்தபோதெல்லாம், உங்கள் அப்பா நந்திதுர்க் மைனில் வேலை பார்த்த கதையைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

அப்புறம் சாம்பியன் ரீஃப் மைன் பக்கத்து லைன் வீட்டு அக்கா, சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருப்பவர். முன்பின் தெரியாத ஒரு கிழவரும் அவர் மகளும் வாசலில் வந்து நின்று "இது நாங்க இருந்த வீடு" என்றால் எத்தனை பேர் உள்ளே கூப்பிடுவார்கள்? நீங்கள் கூப்பிட்டதோடு நிற்கவில்லை, சமையல்கட்டு வரைக்கும் கூட்டிப்போனீர்கள். தகரக் கூரையும் சிமெண்ட் தரையுமாக இருந்த வீடு, தெருக்குழாயில் குடம் வரிசை போட்டுத் தண்ணீர் பிடித்த வீடு, இப்போது டைல்ஸும் உள்ளேயே பாத்ரூமுமாக இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பழசு பழசாகவே இருக்க வேண்டும் என்று வெளியூரில் உட்கார்ந்துகொண்டு ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தப் பொதுக் கக்கூஸ் வரிசை ஞாபகம் இல்லை என்று அர்த்தம். ஆனால் பாத்திர அலமாரியின் விளிம்பில் அம்மா அடித்து வைத்த மரச்சட்டம் மட்டும் அப்படியே இருந்தது! எதற்கென்று தெரியாமலேயே விட்டுவைத்ததாகச் சொன்னீர்கள். ஏர்பிளாஸ்டுக்குத்தான் அக்கா. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் மேலே லைன் வீடுகள் வரை ஆடும், தட்டு டம்ளரெல்லாம் உருண்டு விழும். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டதும் அம்மா முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான், எந்த ஷிஃப்ட் இறங்கியிருக்கிறது, அதில் அப்பா இருக்கிறாரா என்று. அப்பா அந்தச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நீங்கள் எதுவும் கேட்காமல் டீ போடப் போனீர்கள். அதற்கும் நன்றி.

சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியான கிஃபோர்ட் ஷாஃப்ட் பக்கம் காவலில் இருந்த அண்ணனுக்கு: உள்ளே விட முடியாது என்று நீங்கள் சொன்னது சரிதான், அதற்காக அப்பா வருத்தப்படவே இல்லை. உங்கள் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டு, தெரிகிற இடத்திலிருந்து பாருங்க என்றீர்களே, அதுவே போதும். அங்கே உட்கார்ந்துதான் அவர் வாயைத் திறந்தார். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேலே ஆழம், அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், கூண்டில் இறங்குகிறபோது காது அடைக்கும் என்றெல்லாம், வீட்டில் எங்களிடம் சொல்லாததை ஆட்டோ அண்ணனிடம் சொன்னார். 1965-ல் அதே மைனுக்குள் 2 கிலோமீட்டருக்கும் கீழே வைத்துத்தான் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற, எதிலும் சிக்காத நுண்துகளைப் பிடித்தார்கள். தாத்தா காலத்து அந்தச் சங்கதியையும் தானே கூட இருந்து பிடித்த மாதிரி சொன்னார், நாங்கள் தடுக்கவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு பம்புகள் நின்று அந்த ஆழமெல்லாம் தண்ணீராகிவிட்டது என்று நீங்கள் சொன்னபோதுதான் பேச்சு நின்றது.

ரிட்டயர்ட் வாத்தியார் ஐயாவுக்குத் தனி நன்றி. காவிரி அருவியில் கரண்ட் எடுக்கிற சிவனசமுத்திரத்திலிருந்து 1902-லேயே, பெங்களூருக்கும் முன்னாடியே, இங்கே கரண்ட் வந்த கதை ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். குட்டி இங்கிலாந்து என்ற பெருமையும் சின்ன வயசிலிருந்து கேட்டதுதான். அந்த இங்கிலாந்து துரைமார் பங்களாப் பக்கம் மட்டும்தான் இருந்தது, லைன் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை என்பது என் எண்ணம். நீங்கள் சிரித்துவிட்டு மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் வேர்விட்ட கதையைச் சொன்னீர்கள், இந்தத் தொழிலாளிகள் தாங்களே பள்ளிக்கூடமும் படிப்பகமும் நடத்தியதைச் சொன்னீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒன்றும் தெரியாது.

தங்கம் எடுத்தபின் கொட்டிய பாறைத்தூள் குவிந்த சைனைட் மேட்டையும் பார்த்தோம். நாங்கள் அட்டை வைத்துச் சறுக்கி விளையாடிய இடம், இப்போது ஒரு பக்கம் செடி பிடித்திருக்கிறது, இன்னொரு பக்கம் கேஜிஎஃப் சினிமா பார்த்துவிட்டு வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றுக்காலத்தில் சோற்றில் வந்து விழும் தூள் அவர்கள் போட்டோவில் விழாது, பரவாயில்லை.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு. பட்டப்பகலில் லைன் தெருக்களில் தாத்தா பாட்டிகளும் குழந்தைகளும் மட்டும்தான். ஊர் காலியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். மறுநாள் விடியற்காலை பெங்களூர் ரயிலில் ஏறினால் ஊரே அதில் இருக்கிறது! சங்கு ஊதினால் ஷாஃப்டுக்குப் போன கூட்டத்தின் பிள்ளைகள் இப்போது ரயில் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிறார்கள், ராத்திரிதான் திரும்புகிறார்கள். அந்தக் கூட்டத்திலும் அப்பாவுக்கு ஜன்னலோரம் இடம் விட்டு, பங்காரப்பேட்டையில் எங்களை இறக்கி, சென்னை வண்டி நிற்கும் பிளாட்பாரம் வரை பையைத் தூக்கிவந்து, உங்கள் வண்டி கிளம்பிவிடுமே என்று திரும்பி ஓடினீர்களே இரண்டு தம்பிகள், உங்களுக்கும் பெரிய நன்றி. கூட வந்த தங்கச்சி, "அடுத்த தடவை ஞாயித்துக்கிழமை வாங்கக்கா, அன்னைக்குத்தான் ஊர்ல ஆள் இருப்போம்" என்றாய். வருகிறோம், ஞாயிற்றுக்கிழமையாகவே பார்த்து. அப்பாவோடு ஷிஃப்டில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் வாத்தியார் ஐயாவிடம் சொல்லிவைக்கவும், அவரிடம் எங்கள் நம்பர் இருக்கிறது.