ஆண்டறிக்கை: இணையவழி, கலப்புமுறை வகுப்புகளுக்கான ஆசிரியர் உதவிப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பல துறைகளிலிருந்தும் வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரிவாரியாகப் போய்வந்த விவரமும் வரவு செலவும் பொருளாளரின் அறிக்கையோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வாசித்து நேரத்தைக் கடத்தப் போவதில்லை. எதைச் செய்தோம், எது கைகூடியது, எது படுத்துவிட்டது என்பதை மட்டும் பேரவையின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழு முடிவுப்படி, அரங்கத்தில் எல்லாரையும் உட்காரவைத்து "இதை அழுத்தினால் இது வரும்" என்று காட்டும் ஒருநாள் பயிலரங்குகளை இந்த ஆண்டு நிறுத்திவிட்டோம். சான்றிதழ் கிடைக்கும், மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். திங்கட்கிழமை முதல் பீரியடில் மைக் வேலை செய்யாது. அதற்குப் பதிலாக, உதவி கேட்ட ஆசிரியரின் வகுப்புக்கே உறுப்பினர் இருவர் போனார்கள். ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர் வளாகத்துக்கு வெளியே, மொபைல் டேட்டாவில், விலை குறைந்த ஒரு ஃபோனில், மாணவரைப் போலவே வகுப்பில் சேர்ந்தார். வெளியே போய்ச் சேர்வது முக்கியம். கல்லூரி வைஃபையிலிருந்து பார்த்தால் எல்லா வகுப்பும் நன்றாகத்தான் தெரியும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரோடு இருபது நிமிடம் பேச்சு: எது கேட்கவில்லை, எது தெரியவில்லை, அடுத்த வகுப்பில் மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயம் எது. ஒன்றுக்கு மேல் சொன்னால் ஒன்றும் நடப்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். துறைக்கூட்டம்தோறும் இது எழுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு சொல்லும் "40 விழுக்காடு" ஒன்றல்ல, இரண்டு. 2021-இல் வந்த ஸ்வயம் (மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம்) விதிமுறைப்படி, ஒரு பருவத்தில் ஒரு பட்டப்படிப்புக்கு உரிய மொத்தப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பலகு (கிரெடிட்) பெறலாம். அதே ஆண்டு மே மாதம் வெளியான கலப்புமுறைக் கருத்துரு பேசுவது வேறு: ஸ்வயம் அல்லாத ஒவ்வொரு பாடத்துக்குள்ளேயும் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம், மீதி 60 நேர்வகுப்பில். முன்னது பாடங்களின் எண்ணிக்கை, பின்னது ஒரு பாடத்தின் பங்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பாடத்திட்டக் குழுவுக்குத் தீர்மானம் எழுதினால் திரும்பி வரும்.

ஒலி

நாங்கள் போய்ப் பார்த்த வகுப்புகளில் பெரும்பாலும் முதல் குறை ஒலிதான். படம் மங்கினால் மாணவர் பொறுத்துக்கொள்வார். குரல் தேய்ந்தால் ஐந்து நிமிடத்தில் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். மேசைமேல் மடிக்கணினியை வைத்துவிட்டு, மூன்று மீட்டர் தள்ளிக் கரும்பலகைக்கு முன் நின்று பேசுகிறோம். தூரம் இரட்டிப்பானால் வாயிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். 20 சென்டிமீட்டரில் இருக்கும் காலர் மைக்கோடு ஒப்பிட்டால், 320 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் மடிக்கணினி மைக்குக்கு 24 டெசிபல் குறைவாகவே சேரும். அந்த இடைவெளியைச் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் மின்விசிறியும் நிரப்பிவிடுகின்றன. எத்தனை விலைக்கு மடிக்கணினி வாங்கினாலும் இது தீராது. காலர் மைக் ஒன்றே மருந்து. வாய்க்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே, சேலை முந்தானையோ அடையாள அட்டையின் கயிறோ உரசாத இடத்தில் குத்த வேண்டும்.

மைக் வாங்கியும் குரல் கேட்கவில்லை என்று கூப்பிட்ட இடங்களில் குற்றவாளி பிளக்தான். அதன் முனையில் கறுப்பு வளையம் இரண்டா மூன்றா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு என்றால் அது கேமராவுக்கும் பழைய கணினியின் தனி மைக் துளைக்கும் உரியது. இன்றைய மடிக்கணினியிலும் ஃபோனிலும் காதுக்கும் வாய்க்கும் சேர்த்து ஒரே துளை. அதற்கு மூன்று வளையம் வேண்டும். இரண்டு வளைய பிளக்கை அதில் சொருகினால் மடிக்கணினி அதை ஹெட்ஃபோன் என்று நினைத்துக்கொண்டு, தன் சொந்த மைக்கையே திறந்து வைத்திருக்கும். ஆசிரியர் சட்டையில் மைக் தொங்கும். அது எதையும் அனுப்பாது. வகுப்புக்கு முன் மைக்கை நகத்தால் மெல்லத் தட்டுங்கள், பிறகு மடிக்கணினி விசைப்பலகையின் ஓரத்தைத் தட்டுங்கள். எதற்குத் திரையில் ஒலிப்பட்டை துள்ளுகிறதோ அதுதான் வேலை செய்யும் மைக். இடையில் மாட்டும் சின்ன மாற்றி ஒயர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. சங்கத்தின் பையிலும் வைத்திருக்கிறோம்.

அடுத்தது ஊளை. பலகையைக் காட்ட ஃபோன் ஒன்று, ஸ்லைடுக்கு மடிக்கணினி ஒன்று என இரண்டையும் ஒரே அறையில் ஒரே கூட்டத்தில் சேர்த்தால், ஒன்றின் ஸ்பீக்கரை மற்றதன் மைக் பிடித்துச் சுற்றிவிடும். ஃபோனில் மைக்கை மட்டும் மியூட் செய்வது போதாது. அதன் ஸ்பீக்கர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். ஃபோனின் ஆடியோவையே துண்டிக்க வேண்டும். அறையில் ஒலிக்குப் பொறுப்பு ஒரே கருவி.

இசைத்துறையிலிருந்து வந்த முறையீடு தனி ரகம். தம்புராவின் சுருதி மாணவருக்குப் போகவே இல்லை. வகுப்பு நடத்தும் செயலி ஒரே சீராக வரும் ஒலியை எல்லாம் மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அழிக்கும். சுருதியும் அதற்குச் சீரான இரைச்சல்தான். ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பை இயக்கியதும் சுருதி வந்தது. அதோடு அறை மின்விசிறியின் சத்தமும் வந்தது. அதை நிறுத்தித்தான் பாட வேண்டும்.

பலகையும் டேட்டாவும்

பலகை எழுதும் ஆசிரியர்களைப் பலகையை விடச் சொல்வது தப்பு. கணக்கும் இலக்கணமும் எழுத எழுதத்தான் ஏறும். பலகையை மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியை மட்டும் கேமராவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னோம். கேமரா பலகையின் நடு உயரத்தில், நேர் எதிரே. பக்கத்து ஜன்னலின் வெளிச்சம் பலகையில் பட்டால் அந்த ஒரு கதவை மூடினால் போதும். ஃபோன் கேமரா என்றால், பலகைமேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் குறுக்கே போகும்போதெல்லாம் எழுத்து மங்கித் தெளியும். டியூப் லைட் அறையில் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தால், கேமரா 60 ஹெர்ட்ஸில் இருக்கிறதென்று பொருள். நம் மின்சாரம் 50. அமைப்பில் மாற்றினால் பட்டை நிற்கும்.

மாணவர் பக்கத்துக் கணக்கை ஆசிரியர்கள் போட்டுப் பார்ப்பதே இல்லை. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி இழுக்கும். நான்கு வகுப்பு என்றால் 1.8 ஜிபி. நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் மாணவர் நான்காவது வகுப்பில் காணாமல் போவது சோம்பலால் அல்ல. அதே ஒரு மணி நேரத்தை 64 கிலோபிட் ஒலியாக மட்டும் பதிந்தால் 29 எம்பிதான். ஆகவே வகுப்பு முடிந்ததும் ஒலிப்பதிவு ஒன்று, ஸ்லைடின் பிடிஎஃப் ஒன்று ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் போகும்போது அதன் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். காணொளியே வேண்டும் என்றால் பத்து நிமிடத் துண்டுகளாக நறுக்கி, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 720பி, வினாடிக்கு 15 சட்டகம் (ஃபிரேம்), ஒற்றை ஒலித்தடம் என்று சுருக்கி ஏற்றலாம். ஸ்லைடு அசையாப் படம்தானே, 30 சட்டகம் வீண்.

ஸ்லைடில் எழுத்து 28 புள்ளிக்குக் கீழே வேண்டாம். ஃபோனை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள், புரியும்.

எழுத்துரு

தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆண்டு அதிக நேரத்தைத் தின்றது பழைய வினா வங்கிகள்தான். 2010-இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு, எந்தக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) ஏற்று ஆணையிட்டது. ஆனால் நம் வினாத்தாள்கள் பலவும் இன்றும் பாமினியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் தூங்குகின்றன. அவற்றை அப்படியே இணையவழிப் பாடமும் தேர்வும் நடத்தும் மூடில் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். படமாக எடுத்து ஒட்டுவது அதைவிட மோசம்: பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதைத் தொடவே தொடாது.

மாற்றி மென்பொருளில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்த பின்னும் ஒரு கண்ணி இருக்கிறது. "அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற புலவர் யார்?" என்று ஒரு குறுவிடை வினா. விடை ஔவையார். சரியாக எழுதிய பாதிப் பேருக்குச் சுழியம். காரணம், பழைய எழுத்துருக்களில் ஔ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவது வழக்கம். மாற்றியும் அப்படியே 'ஒளவையார்' என்று தந்துவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வெவ்வேறு சொற்கள். கௌரவம், பௌத்தம், சௌராட்டிரம் எல்லாவற்றிலும் இதே வம்பு. ஒற்றைக் குறியான ஔகாரத்துக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வினா வங்கியில் 'ஒள', 'ெள' இரண்டையும் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். மொத்தமாக மாற்றினால் 'வெள்ளம்' என்பதும் கெட்டுப்போகும். விடைப் பகுதியில் ஔவையார், ஒளவையார், அவ்வையார் மூன்றுக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். மாணவரின் விசைப்பலகை எதைத் தரும் என்று நமக்குத் தெரியாது.

நூற்றுக்கணக்கான வினாக்களை ஒரே கோப்பாக மூடிலில் ஏற்ற ஜிஃப்ட் என்ற கோப்பு வடிவம் வசதி: சரியான விடைக்கு முன் சமக்குறி, தவறான விடைக்கு முன் அலைக்குறி, எல்லாம் நெளிவு அடைப்புக்குள். கோப்பை யுடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமிக்க வேண்டும். பழைய விண்டோஸ் உள்ள ஆய்வகக் கணினிகளில் நோட்பேட் 'ஆன்சி' என்றே சேமிக்கும். தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகி நிற்கும், மீட்கவும் முடியாது. கணக்கு, வேதியியல் வினாக்களின் விடைகளுக்குள் வரும் சமக்குறிக்கு முன் ஒரு பின்சாய்வுக்கோடு போடாவிட்டால் விடையின் பாதியை வேறொரு சரியான விடை என்று எடுத்துக்கொள்ளும்.

இணையவழித் தேர்வு

விடை வரிசையைக் கலைத்துப் போடும் அமைப்பை எல்லாரும் விரும்புகிறார்கள். கலைத்ததும் "மேற்கண்ட அனைத்தும்" முதல் விடையாக வந்து நிற்கும், அதற்கு மேலே ஒன்றும் இருக்காது. அந்த மாதிரி வினாக்களில் மட்டும் வினாவுக்குள்ளே போய்க் கலைப்பை நீக்குங்கள். தேர்வு அமைப்பில் இயக்கியிருந்தாலும் வினாவில் நீக்கியிருந்தால் கலையாது. "அ மற்றும் இ சரி" வகை விடைகளுக்கும் இதே கதி.

நேரம் முடிந்தும் தேர்வு 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டுகிறது என்ற புகார் சில இடங்களில் வந்தது. மாணவர் உலாவியை மூடிவிட்டால், அவர் விடைகளைத் தானாகச் சமர்ப்பிக்கும் வேலை சர்வரில் ஓடும் 'கிரான்' என்ற பின்னணிப் பணியுடையது. அது நின்றுபோயிருந்தால் ஒன்றும் நகராது. நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறதா என்று கணினி மையத்தில் கேளுங்கள். ஏற்றும் கோப்பு பெரிதென்று மறுப்பதும் ஆசிரியர் கையில் இல்லை: சர்வர், தளம், பாடம், ஒப்படைப்பு (அசைன்மென்ட்) என நான்கு இடத்தில் வரம்பு உண்டு, எது சிறியதோ அதுதான் செல்லும். சர்வரில் பிஹெச்பி (மூடில் ஓடும் நிரல்மொழி) நிறுவியபடியே விட்டிருந்தால் ஒரு கோப்புக்கு 2 எம்பிதான். ஒப்படைப்பில் 20 எம்பி என்று போட்டுவிட்டு மாணவரைத் திட்டிப் பயனில்லை.

படுத்துவிட்டவை

ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் அறையையும் திரையையும் கவனிப்பது நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரட்டைப் பெட்டியைப் பார்த்துக் கையுயர்த்த ஒரு மாணவரை முறைவைத்து அமர்த்தினோம். அந்த மாணவர் பாடத்தைக் கோட்டைவிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இணையத்தில் இருப்பவரை முதலில் கேட்பது ஓரளவு நின்றது. அறையில் ஒருவர் கேட்கும் கேள்வியை ஆசிரியர் மைக்கில் திருப்பிச் சொல்வதும் அப்படியே. சொல்லிக்கொடுத்த ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது என்பதால் மடிக்கணினி விளிம்பில் சீட்டு ஒட்டச் சொன்னோம்.

ஆய்வகப் பாடங்களுக்கு நாங்கள் சொன்ன யோசனைகள் எதுவும் ஆய்வகத்துக்கு ஈடாகவில்லை. அவற்றை நேர்வகுப்பின் 60 விழுக்காட்டிலேயே வைத்துக்கொண்டு, செய்முறைக்கு முந்தைய விளக்கத்தை மட்டும் இணையத்துக்குத் தள்ளலாம் என்பது செயற்குழுவின் கருத்து.

வரும் ஆண்டுக்குப் பேரவையின் ஒப்புதல் கோருவன: துறைக்கு ஒருவரை ஔகாரம் பார்க்கும் பொறுப்பில் அமர்த்திப் பழைய வினா வங்கிகளை ஒருங்குறிக்கு மாற்றி முடிப்பது, மூன்று வளைய பிளக் உள்ள காலர் மைக்குகளைக் கூடுதலாக வாங்குவது, வகுப்புக்கு வெளியே ஃபோனில் சேர்ந்து பார்க்கும் பணிக்கான டேட்டா செலவைச் சங்கமே ஏற்பது. இதுவரை உறுப்பினர்கள் கைக்காசைப் போட்டார்கள்.

மைக் இரவல் வாங்கியவர்கள் கோடை விடுமுறைக்கு முன் திருப்பித் தந்துவிட வேண்டுகிறேன். உள்ளே உள்ள பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தாருங்கள். போன மே மாதம் பீரோவுக்குள் பேட்டரி கசிந்து இரண்டு மைக் பாழாயின.

வணக்கம்.

செயலாளர்