இசட் 8 வாங்கலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. பறவைப் படம் எடுக்க நிக்கான் இசட் 8 கேமரா வாங்கலாமா என்று நீ போனில் கேட்டு இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. "பார்த்துச் சொல்கிறேன்" என்று நான் வைத்துவிட்டதில் உனக்கு மனத்தாங்கல் இருக்கும். லென்ஸ் இல்லாமல் கேமரா உடல் மட்டுமே லட்சக்கணக்கில் போகிற ஒரு சாமானைக் கையில் வாங்கிப் பார்க்காமல் வாங்கு என்றும் வேண்டாம் என்றும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நம் ஸ்டூடியோவில் வேலை பழகி, இப்போது தனியாகக் கல்யாணம் எடுக்கிற தம்பியிடம் நீ சொன்ன அதே நிக்கான் இசட் 8 இருக்கிறது. "மார்கழியில் முகூர்த்தம் ஏது அக்கா, பெட்டியில்தான் தூங்குது, வச்சுப் பாருங்க" என்று நான்கு நாளைக்குக் கொடுத்தான். உன் பழைய லென்ஸை மாட்டுவதற்கான எஃப்டிஇசட் 2 அடாப்டரும் கொடுத்தான். நீ பீரோவில் வைத்துவிட்டுப் போன உன் பழைய டி500 கேமரா, தூரத்துப் பறவையை எடுக்கிற 200-500 லென்ஸ் இரண்டையும் வெளியே எடுத்துத் துடைத்தேன். இரண்டு நாள் ஸ்டூடியோவில் வைத்துப் பார்த்தேன். அப்புறம் இரண்டு விடியற்காலை அப்பாவும் நானும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போய்விட்டு வந்தோம்.

முதலில் மீன்கொத்தியைச் சொல்லிவிடுகிறேன். கரைக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் நிற்கிற அந்தக் கருவேல மரத்தில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று வந்து உட்கார்ந்தது. அது எப்படிப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும், திடீரென்று தலைகீழாகப் பாயும். டி500-ல் நீ எத்தனை தடவை வெறும் நீர்த்தெறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டியிருக்கிறாய்! கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் பறவை உள்ளே போயிருக்கும். இசட் 8-ல் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்திருந்தால், முழுதாக அழுத்துவதற்கு முந்தைய ஒரு நொடி வரைக்கும் உள்ள படங்களையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். நான் அழுத்தியபோது மீன்கொத்தி தண்ணீருக்குள் போய்விட்டது, அது எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் வந்து பார்த்தால், அலகு நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கீழே அதன் பிம்பம் அதைச் சந்திக்க மேலே ஏறி வருவது போல இருக்கிறது. கண்ணின் மேல் சவ்வு பாதி மூடியிருப்பது வரைக்கும் தெரிகிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு படம் என் கையால் வந்ததில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அதே படத்தின் குறையையும் கேள். இப்படி முன்கூட்டிப் பிடிக்கிற படங்கள் எல்லாம் சுருக்கின ஜேபெக் ஆகத்தான் வரும், கேமரா பதிந்த விவரம் முழுவதும் இருக்கிற ரா ஃபைல் கிடைக்காது. மீன்கொத்தியின் மார்பு வெள்ளை நம் ஊர் வெயிலில் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. ரா என்றால் இழுத்துக் கீழே கொண்டுவந்து ஒவ்வொரு இறகையும் காட்டலாம். ஜேபெக்கில் போனது போனதுதான், பஞ்சு ஒட்டினது போல நிற்கிறது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெளுத்துப்போய் ஆல்பத்தில் மடிப்பே தெரியாமல் போனால் நான் எவ்வளவு வருத்தப்படுவேன் என்று நீ பார்த்திருக்கிறாய். கொக்கும் கூழைக்கடாவும் எடுக்கிற உனக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்த முறையில் எடுக்கும்போது வெளிச்சத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

சத்தம் இல்லாததைப் பற்றிச் சொல்ல வேண்டும். டி500 போல உள்ளே ஏறி இறங்குகிற கண்ணாடி இதில் கிடையாது, மெக்கானிக்கல் ஷட்டரும் கிடையாது. எல்லாமே எலக்ட்ரானிக். இப்படிக் கண்ணாடி இல்லாத மற்ற பல மிரர்லெஸ் கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால், படம் பதிகிற சென்சார் மேலிருந்து கீழே வரி வரியாக மெதுவாகப் படிக்கும், அதற்குள் சிறகு நகர்ந்து வாழை மட்டை போல வளைந்து விழும். இசட் 8-ல் சென்சாருக்குப் பின்னாலேயே வேகமான மின்சுற்றை அடுக்கி வைத்திருப்பதால் அது முழுச் சென்சாரையும் கண் இமைப்பதற்குள் படித்துவிடுகிறது. அதனால்தான் துணிந்து ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். இசட் வரிசையில் முதலில் இப்படி வந்தது 2021-ல் இசட் 9, அதே சென்சாரைச் சின்ன உடலில் வைத்து 2023-ல் இதைக் கொண்டுவந்தார்கள். 45.7 மெகாபிக்சல். ராவில் நொடிக்கு 20 படம், டி500-ல் 10. அதைவிடப் பெரிய வித்தியாசம், எடுக்கும்போது கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இருட்டடிப்பதே இல்லை. டி500-ல் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி ஏறி இறங்கும், அந்த இமைப்புக்குள் பறவை படச் சட்டத்தை விட்டுப் போய்விடும். இதில் பறவை கூடவே போய்க்கொண்டிருக்கலாம், ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மின்னிப் படம் விழுவதைச் சொல்லும்.

கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்த மஞ்சள் மூக்கு நாரை ஒன்று, நான் அத்தனை படம் எடுத்தும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பறவைகள் பயப்படக்கூடாது என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடாதவர்கள். அங்கே போய் நாம் தடதடவென்று ஷட்டர் அடிப்பது எனக்கு எப்போதும் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சம் இந்தத் தடவை இல்லை. ஸ்டூடியோவில் கதை வேறு. பென்ஷன் காகிதத்துக்குப் படம் எடுக்க வந்த ஆச்சி ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் ஆறு படம் எடுத்து முடித்துவிட்டேன். "எப்பம்மா எடுப்ப?" என்றார். எடுத்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் தோளைத் தளர்த்தினார். அந்தத் தளர்ந்த முகம்தான் நமக்கு வேண்டிய முகம். அப்புறம் மெனுவில் போய் ஷட்டர் சத்தத்தைப் போட்டு வைத்தேன், ஸ்பீக்கர் வழியாகச் சத்தம் வரும்.

ஏட்டி, பேட்டரியைக் கவனி. டி500-க்கு ஒரு சார்ஜில் 1,240 படம் என்று கணக்கு. இசட் 8-க்கு அதே கணக்கில் 340. படபடவென்று எடுத்தால் அதைவிட எவ்வளவோ கூட வரும், ஆனால் உன் வேலை காத்திருப்பது. டி500-ல் கண்ணாடி வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பேட்டரிக்குச் செலவே இல்லை, வருவது வெறும் வெளிச்சம். இதில் உள்ளே இருப்பது ஒரு குட்டித் திரை, நீ பார்க்கப் பார்க்க அது தின்றுகொண்டே இருக்கும். முதல் நாள் எட்டரை மணிக்கே ஒரு பேட்டரி முடிந்தது. யுஎஸ்பி வழியாகப் பவர் பேங்கில் சார்ஜ் ஏறுகிறது, அது நல்லது. என்றாலும் மூன்று பேட்டரி இல்லாமல் களத்துக்குப் போகாதே.

மிரர்லெஸ் என்றால் இலேசாக இருக்கும் என்று நீ சொன்னாய். நம் வீட்டுத் தராசில் வைத்துப் பார். பேட்டரி, கார்டோடு டி500 860 கிராம், இசட் 8 910 கிராம். அடாப்டர் 125 கிராம், 200-500 லென்ஸ் 2,300 கிராம். எல்லாம் சேர்த்து மூன்றேகால் கிலோவுக்கு மேல். போன வருஷம் உன் மணிக்கட்டு வீங்கி நான் எண்ணெய் தேய்த்துவிட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்பாவின் 80-200 லென்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பழைய ஏஎஃப்-டி வகை, ஃபோகஸ் மோட்டார் லென்ஸில் இல்லை, கேமரா உடலில் இருக்கிற மோட்டார்தான் அதைத் திருகும். டி500-ல் அந்த மோட்டார் உண்டு. அடாப்டரில் கிடையாது. இசட் 8-ல் அது மாட்டும், படம் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். அப்பா திருப்பிப் பார்த்தார். திரையில் பெரிதாக்கிக் காட்டுவதால், கண் ஆபரேஷனுக்குப் பிறகும் அவரால் துல்லியமாக வைக்க முடிந்தது. அவருக்கு அது பெரிய சந்தோஷம். உன்னைப் போலப் பறப்பதை எடுக்கிறவர்களுக்கு அது உதவாது. ஆகவே டி500-ஐ விற்பது என்ற பேச்சே வேண்டாம். விற்றாலும் பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை.

கார்டுச் செலவை நீ கணக்கில் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு இடம் இருக்கிறது, ஒன்று சிஎஃப்எக்ஸ்பிரஸ், மற்றது எஸ்டி. சிஎஃப்எக்ஸ்பிரஸ் விலை அதிகம், அதற்கென்று தனி ரீடரும் வேண்டும். இரண்டிலும் ஒன்றாகப் பதியச் சொன்னால் எஸ்டியின் வேகத்துக்குத்தான் கேமரா நடக்கும். ஒரு கார்டை நம்பி ஒரு வளைகாப்பு முழுவதையும் நாங்கள் இழந்த கதை உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் நின்றதை மறக்கவே மாட்டேன். அதனால் இரண்டிலும் பதி, வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

ரா ஃபைல் ஒன்று தரம் குறையாத சுருக்கத்தில் வைத்தாலே சுமார் 50 எம்பி. நொடிக்கு 20 என்றால் ஒரு நொடிக்கு ஒரு ஜிபி! இரண்டு காலையில் நான் எடுத்தது நாலாயிரத்துச் சொச்சம். அவற்றில் நல்லதைப் பொறுக்க மூன்று ராத்திரி ஆயிற்று. யாஷிகாவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம் எடுத்துப் பழகியவள் நான். பன்னிரண்டில் எது நல்லது என்று சொல்லிவிடலாம். ஒரே மீன்கொத்தியின் 140 படத்தில் எதை அழிப்பது என்று தெரியாமல் கண் எரிந்தது. ஆபீஸ் முடிந்து எட்டு மணிக்கு அறைக்கு வருகிற நீ இதை எப்போது உட்கார்ந்து பார்ப்பாய்?

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். உன் ஹார்ட் டிஸ்கில் "தேறாதவை" என்று நீ ஒதுக்கி வைத்திருக்கிற ஃபோல்டரைத் திறந்தேன். 312 படம். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, ஏன் தேறவில்லை என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் கானல். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீருக்குக் குறுக்கே நீட்டி எடுத்தால் சூடான காற்று நெளிந்து படத்தைக் கலைத்துவிடும், அதை எந்தக் கேமராவும் சரிசெய்யாது. அப்புறம் தூரம். அப்புறம் கை நடுங்கியது, மூன்று கிலோ பாரத்தை ஒரு மணி நேரம் தூக்கினால் நடுங்கத்தான் செய்யும். கேமரா மெதுவாக இருந்ததால் போன படம் என்று நான் எண்ணியது 41 மட்டும்.

அந்த 41-ஐயும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தேன். கூட்டில் இறங்குகிற நாரையின் கால் சட்டத்துக்கு வெளியே. வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்றாக எழும்புகிற நொடி தப்பி, பாதி மட்டும் எழும்பிய படம். கூழைக்கடா தூக்கி விழுங்குகிற மீனில் வால் மட்டும். உன் மனசு எங்கே இருக்கிறது என்பது அந்த 41-ல்தான் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற பறவையின் படத்தில் ஒன்றுகூட நீ இத்தனை ஆசையாகத் தப்பவிடவில்லை.

அதனால் வாங்கு என்றுதான் சொல்வேன். இந்த மாதம் தவணையில் வேண்டாம். 200-500-ஐ வைத்துக்கொள், ஒரு வருஷத்துக்குப் புது லென்ஸ் பக்கம் போகாதே. கார்டு, ரீடர், அடாப்டர், இரண்டு கூடுதல் பேட்டரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, அதில் பாதியைக் கையில் சேர்த்துக்கொண்டு வா. மீதியில் அப்பாவும் நானும் ஒரு பங்கு போடுகிறோம். கடனாக இல்லை, மறுத்துப் பேசாதே. முதலில் கேமராவைத் தாங்குகிற ஒற்றைக்கால் கம்பு, நல்ல மோனோபாட் ஒன்று வாங்கிவிடு, மணிக்கட்டுக்கு அதுதான் மருந்து.

தம்பியிடம் பேசிவிட்டேன். தை பிறந்தால் அவனுக்கு முகூர்த்தம் ஆரம்பித்துவிடும். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னாடியே நீ லீவு போட்டு வந்தால், மார்கழி முடியும் வரைக்கும் கேமராவை உன்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறான். மீன்கொத்தி எந்தக் கொம்பில் உட்காருகிறது, வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று அப்பா ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறார். ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். டிக்கெட் போட்டதும் சொல்.

அன்புடன்,
அம்மா